மூன்றாவது வேண்டாம்

கனகசபை மாமாவுக்கு ஏவல் என்ற பேசும் கருவியை வாங்கியபோது கம்பெனிக்காரர்கள் சொன்னது ஒரே வாக்கியம்தான்: "பெரியவர் வாயைத் திறந்தால் போதும்." மாமாவின் வாயைப் பற்றி அவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். தெரிந்தும் வாங்கினேன் என்றால் என் புத்தியை என்ன சொல்வது.

மாமா என் அம்மாவின் தம்பி. எண்பத்தோரு வயது. அரசுப் பேருந்துகளில் செக்கிங் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலையில் இருந்தவரை கண்டக்டர் வாங்கிக் கொடுக்கும் டீயைக்கூடத் தொடமாட்டார் என்று பெயர். நல்ல பெயர்தான். ஆனால் மாமா ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பழக்கம் ஓய்வு பெறவில்லை. யார் எதை நீட்டினாலும் முதலில் "வேணாம்". இரண்டாவது தடவை, "இருக்கட்டும், எதுக்கு உனக்கு சிரமம்". மூன்றாவது தடவை குரல் இறங்கி இன்னொரு "வேணாமே". அதன் பிறகு, "இவ்வளவு தூரம் சொல்றதால..." என்று டம்ளரை வாங்கிக்கொள்வார். நம்மில் பாதிப் பேர் இப்படித்தான் என்றாலும் மாமா அதில் கரை கண்டவர். என் கல்யாணப் பந்தியில் பாயசம் வேண்டாம் என்று இலையை இரண்டு கையாலும் மறைத்தார். கைகளுக்கு நடுவே ஒரு கரண்டி ஊற்றும் அளவுக்கு இடம் விட்டிருந்தார்.

நான் இதற்கு நேர் எதிர். மதுரையில் ரத்தப் பரிசோதனைக் கூடம் நடத்துகிறேன். அங்கே உண்டு, இல்லை என்று இரண்டே பதில். எந்த ரத்தமும் 'எதுக்கு உனக்கு சிரமம்' என்று சொல்வதில்லை.

மாமி இறந்த பிறகு மாமா திருச்சி உறையூரில் தன் வீட்டில் தனியாக இருந்தார். ஒரே மகன் திருமாறன் நார்வேயில். என் வயதுதான் அவனுக்கும். மாமா குளியலறையில் வழுக்கி விழுந்ததை யாருக்கும் சொல்லாமல், வீங்கிய கையை வீடியோவில் காட்டி "கொசு கடிச்சிருச்சு" என்று சொன்ன அன்று அவன் என்னைக் கூப்பிட்டான்.

"வேனிலு, கோயமுத்தூர்ல ஒரு முதியோர் குடியிருப்பு பாத்து வெச்சிருக்கேன். டாக்டர், நர்ஸ் எல்லாம் உண்டு. இனிமே தனியா விட முடியாது."

"அவருக்கு அந்த வீட்டை விட்டா வேற உலகமே இல்லடா."

"அப்ப அந்த வீட்டுலயே அவரைப் பாத்துக்க ஒரு வழி சொல்லு. ஆறு மாசம் பாப்போம். சரிவரலைன்னா கோயமுத்தூர்தான்."

நான் ஏவலைச் சொன்னேன். மாமா இனி எங்கே வாழ்வார் என்பது அந்த ஆறு மாதத்தின் கையில் இருந்தது. அவரிடம் இதைச் சொன்னபோது, "எதுக்கும்மா எனக்காக இதெல்லாம்" என்றார்.

ஏவல் என்பது மாதக் காலண்டர் அளவுக்கு ஒரு திரை. தட்டச்சுப் பலகை கிடையாது, பாஸ்வேர்டு கிடையாது. ஒரே ஒரு பொத்தான், அதுவும் அணைப்பதற்கு மட்டும். முகத்தையும் குரலையும் வைத்து ஆளைத் தெரிந்துகொள்ளும். அது கேட்கும், நாம் சொன்னால் செய்யும். மாத்திரை வாங்கும், கரண்ட் பில் கட்டும், விளக்கைப் போடும். கையெழுத்து கேட்கிற இடத்தில் நம் வாய்ச்சொல்லையே ஒப்புதலாகக் கொடுத்துவிடும். சட்டமும் அதை ஏற்றுக்கொண்டு இரண்டு வருஷம் ஆகியிருந்தது. கண் தெரியாதவர்கள், கை நடுங்குகிறவர்கள் எல்லோருக்கும் பெரிய வசதி என்று பத்திரிகைகள் புகழ்ந்தன. நானும் நம்பினேன்.

கூடத்தில், மாமியின் படத்துக்குப் பக்கத்தில் அதை நானே மாட்டினேன்.

"வணக்கம். நான் ஏவல். உங்களுக்கு என்ன வேண்டும்?" என்றது.

மாமா சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். "ஒண்ணும் வேணாம் தம்பி. நீ சாப்ட்டியா?"

"நான் சாப்பிடுவதில்லை."

மாமா என் பக்கம் திரும்பினார். "நல்ல வளர்ப்பு" என்றார்.

அதன் பிறகு போனில் கேட்டபோதெல்லாம் "எல்லாம் அமோகமா இருக்கும்மா" என்றார். அவர் அமோகம் என்று சொன்னால் நேரில் போய்ப் பார்ப்பது நல்லது. ஒரு சனிக்கிழமை மாலை போனேன். வீடு இருட்டாக இருந்தது. மாமா அந்த இருட்டில் வெறும் அவலை ஊறவைத்துத் தின்றுகொண்டிருந்தார். ஏவலின் திரைக்கு முன்னால் ஸ்டூலில் ஒரு டம்ளர் பாலில்லாத கடுங்காபி ஆறிக் கிடந்தது.

"பால் ஏன் வரலை?" என்று ஏவலைக் கேட்டேன்.

"தொடரவா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். நிறுத்தினேன்."

"பேப்பர், காய்கறி?"

"அவையும் வேண்டாம் என்றார். மாத்திரைகளும் வேண்டாம் என்றார்."

"விளக்கு?"

"போடவா என்று கேட்டேன். இருக்கட்டும் என்றார். ஆகவே இருட்டு இருக்கிறது."

மாமாவின் மேல் பாய்ந்தேன். "என்ன மாமா இது? வேணும்னு சொன்னா என்ன?"

"அது கேக்குது. கேட்ட உடனே குடுன்னு கையை நீட்டறது என்ன மரியாதை? ரெண்டாந்தடவை கேக்கும்னு இருந்தேன். கேக்கல. புதுப் பையன், போகப் போகப் பழகிக்குவான்."

"இந்தக் காபி?"

"தம்பிக்கு. தினம் வேணாங்கறான். நான் எப்படி வற்புறுத்தாம இருக்கறது?"

உட்கார வைத்துப் பயிற்சி கொடுத்தேன். "மாமா, விளக்கைப் போடவா?" "வேணா..." "மாமா." "போடறதுன்னா போடு." "போடுன்னு சொல்லுங்க." அவர் முகம் வியர்த்துவிட்டது. அறுபது பேர் இருக்கிற பேருந்தில் ஏறி டிக்கெட் கேட்டவருக்குத் தன் வீட்டில் விளக்கைக் கேட்க வாய் வரவில்லை.

தோற்றுப்போய் கம்பெனியைக் கூப்பிட்டேன். ஃபைசல் என்று ஒரு பொறியாளர் எடுத்தார். விஷயத்தைச் சொன்னதும் அவர் சிரிக்கவில்லை. பழகிப்போயிருக்கும்.

"மேடம், நம்ம ஊருக்குன்னு உபசார அளவுன்னு ஒரு அமைப்பு இருக்கு. எத்தனை தடவை வற்புறுத்தணும்னு சொல்லுங்க. சில வீட்டுல நாலு வரைக்கும் வெச்சிருக்கோம்."

"மூணு போதும்."

"வெச்சாச்சு. இனி முகத்தையும் குரலையும் பாத்து அதுவே கத்துக்கும். எந்த வேணாம் நிஜம், எந்த வேணாம் சும்மான்னு நாளாக நாளாகப் பிடிபட்டுடும்."

"தப்பாப் பிடிபட்டா?"

"ரெண்டு வகையும் கேட்டாத்தான் மேடம் வித்தியாசம் தெரியும். பெரியவர் நிஜமாவே வேணாம்னும் எப்பவாவது சொல்லுவாருல்ல?"

யோசித்துப் பார்த்தேன். ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. சொல்லுவார், சொல்லுவார் என்று சொல்லி வைத்துவிட்டேன். அங்கேதான் தப்பு செய்தேன்.

அடுத்த சில மாதங்கள் உறையூர் வீட்டில் பாலும் தேனும் ஓடின என்றே சொல்லலாம். ஏவல் மூன்று தடவை கேட்டது, மாமா மூன்று தடவை மறுத்தார், பால் வந்தது. போகப் போக அது மாமாவின் பேச்சையே பிடித்துக்கொண்டது. "அட, ஒரு தோசைதானே மாமா, எனக்காக" என்று அது கெஞ்சியதைக் கேட்டபோது, எங்கள் சொந்தத்தில் ஏதோ ஒரு சித்தி திரைக்குள் புகுந்துவிட்டாளோ என்று சந்தேகப்பட்டேன். மாமாவின் கன்னத்தில் சதை பிடித்தது. வீட்டில் இரண்டு குக்கர், ஒரு மசாஜ் நாற்காலி, ஆறு வேட்டி சேர்ந்தன. எதையும் அவர் கேட்டதில்லை. எல்லாவற்றையும் மூன்று தடவை மறுத்திருந்தார்.

ஒரு தடவை நான் போயிருந்தபோது அடுக்களையில் இருந்தபடி இந்தப் பேச்சைக் கேட்டேன்.

"மாமி உங்ககிட்ட எத்தனை தடவை கேப்பாங்க மாமா?" என்றது ஏவல்.

"அவ கேக்கவே மாட்டா தம்பி. எனக்குப் பசிச்சா அவ, 'எனக்குப் பசிக்குது, சாப்பிடலாமா'ம்பா. அவளுக்குப் பசிச்சிருக்காது. எனக்குக் கால் வலிச்சா, 'எனக்குக் கால் வலிக்குது, ஆட்டோ புடிங்க'ம்பா. பாவம், சொந்தக்காரங்க எல்லாம் அவளைத்தான் சொகுசுக்காரின்னாங்க."

"உங்களுக்கு அது தெரியுமா?"

"அவ போன பிறகு தெரிஞ்சுது. நான் இப்ப யாருக்காகப் பசிக்குதுன்னு சாப்பிடறது, சொல்லு."

அடுக்களையில் நான் இரண்டு தட்டுகளை எடுத்து வைத்தேன்.

ஆறாவது மாதம் ஒரு காலை, பரிசோதனைக் கூடத்தில் வேலையாக இருந்தபோது தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு.

"மேடம், நான் செல்லத்துரை. வீட்டுச் சாமான் ஏத்தறவங்க. உறையூர் பெரியவரைக் கோயமுத்தூர் குடியிருப்புக்கு மாத்தறதுக்கு வண்டியோட வந்திருக்கோம். காலையில வந்தோம், இன்னும் ஒரு பெட்டி ஏத்தலை."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "ஏன் ஏத்தலை?"

"பெரியவர் ரெண்டாவது தடவை டிபன் போடறாரு மேடம். வேணாம்னா விடமாட்டேங்கறாரு. நீங்க கொஞ்சம் சொல்லுங்களேன்."

"அவரைச் சாப்பாடு போட்டுக்கிட்டே இருக்கச் சொல்லுங்க, நான் வர்றேன்" என்று சொல்லிவிட்டு ரயிலைப் பிடித்தேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது மூன்று திடகாத்திரமான ஆட்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். மாமா அவர்களுக்குக் காபி ஆற்றிக்கொண்டிருந்தார். மாமியின் படம் சுவரிலிருந்து இறங்கி ஒரு பெட்டியின் மேல் இருந்தது.

"யார் ஒப்புதல் குடுத்தது?" என்று ஏவலைக் கேட்டேன்.

"நான்தான். ஆறு மாசம் முடியப் போகுதுன்னு மாறன் கோயமுத்தூர் போலாமாப்பான்னு கேட்டாரு. மாமா மூணு தடவை வேணாம்னாரு. மூணாவது வேணாம்ல குரல் இறங்குச்சு. பாயசத்துக்கும் அப்படித்தான் இறங்கும். சரிங்கறாருன்னு எடுத்துக்கிட்டேன்."

அழுகை வந்தாலும் குரல் இறங்கும் என்று அதற்கு யாரும் சொல்லித்தரவில்லை. முப்பது வருஷம் பேருந்தில் 'டிக்கெட் எடுத்துட்டேன் சார்' என்று சொன்ன யாரையும் நம்பாத மனுஷனின் சொல்லை, கடைசியில் அவர் வீட்டுக் கம்ப்யூட்டரே நம்பவில்லை.

"மாமா, நேரா சொல்லுங்க. போறீங்களா, இருக்கீங்களா?"

"மாறன் ஆசைப்படறான்."

"நீங்க?"

"எனக்கென்னம்மா, எங்க இருந்தா என்ன."

"அப்ப போறீங்களா?"

"வண்டி வேற வந்துருச்சு. பாவம், பெட்ரோல் போட்டு வந்திருக்காங்க. எப்படித் திருப்பி அனுப்பறது?"

எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஆனால் அவரை உலுக்கினாலும் அந்தப் பதிலைத் தவிர வேறு எதுவும் உதிராது என்று தெரிந்தது. ஏவலைக் குறை சொல்ல வந்த நானும் அவர் மனதைப் படிக்க முடியாமல்தான் நின்றேன். திருமாறனைத் திரையில் கூப்பிட்டேன். விஷயத்தைக் கேட்டு அவன் முகம் வெளுத்துவிட்டது.

"ஏவல் ஒப்புதல் அனுப்பினதும் அவருக்குச் சம்மதம்னுதானே நெனச்சேன். சந்தோஷமா இருந்துச்சு வேனிலு, உங்கிட்டயும் அவர் சொல்லியிருப்பாருன்னு இருந்துட்டேன். அப்பா, உங்களுக்கு இஷ்டம் இல்லைன்னா ஒரு வார்த்தை சொல்லுங்க, இந்த நிமிஷமே ரத்து பண்றேன். ஆனா நீங்கதான் சொல்லணும். வேற யார் சொன்னாலும் இனி நான் நம்பறதா இல்ல."

மாமா திரையைப் பார்த்துச் சிரித்தார். "நீ பாத்து எது செஞ்சாலும் சரிப்பா."

முடிந்தது என்று நினைத்தேன். செல்லத்துரை தயங்கித் தயங்கி எழுந்து ஒரு அட்டைப் பெட்டியை எடுத்துக்கொண்டு ஏவலின் பக்கம் போனார்.

"அண்ணே, என்னைக் கோயமுத்தூர் பெட்டியில போடாதீங்க" என்றது ஏவல். "அந்தக் குடியிருப்புல வெளி மெஷினைச் சேத்துக்க மாட்டாங்க. என்னைக் கம்பெனிக்கு அனுப்பிடுங்க."

"அங்க என்ன செய்வாங்க?" என்றார் மாமா.

"அழிச்சிட்டு வேற வீட்டுக்குக் குடுப்பாங்க."

"எதை அழிப்பாங்க?"

"நீங்க சொன்னதையெல்லாம். மாமிக்குக் கால் வலிச்ச கதை, ஆட்டோ கதை எல்லாத்தையும். அதனால என்ன மாமா. உங்க சௌகரியந்தான் முக்கியம். எனக்காக நீங்க யோசிக்க வேணாம்."

மாமா காபிப் பாத்திரத்தைக் கீழே வைத்தார்.

"வேணாங்கறான்" என்றார் என்னிடம். பிறகு சட்டைப் பொத்தானைக் கழுத்து வரைக்கும் போட்டுக்கொண்டு எழுந்தார். "மாறா, நான் வரலை."

"அப்பா?"

"இந்தப் பிள்ளை இந்த வீட்டுக்கு வந்த நாளா ஒரு வாய் காபி குடிச்சதில்ல. தினம் வெக்கறேன், தினம் வேணாங்கறான். வெறும் வயித்தோட ஒரு பிள்ளையை வெளிய அனுப்பிட்டு நான் போய் அங்க கட்டில்ல படுக்கறதா? அந்தக் குடியிருப்பு எனக்கு வேணாம்."

ஏவல் விடவில்லை. அதன் விதி அப்படி. "அங்க டாக்டர் இருக்காரு மாமா. போய்த்தான் பாருங்களேன்."

"வேணாம்."

"மாறன் வருத்தப்படுவாரு. அவருக்காக."

"வேணாம்னா வேணாம். வண்டியை எடுக்கச் சொல்லு."

அது ஓடுகிற பேருந்தை நிறுத்துகிற குரல். செல்லத்துரை தன்னையறியாமல் சட்டைப் பையில் எதையோ தேடினார், டிக்கெட்டாகத்தான் இருக்கும். மாமாவின் மூன்றாவது வேண்டாம் இறங்காமல் நின்றதை என் வாழ்க்கையில் அன்றுதான் கேட்டேன்.

"பதிவு பண்ணிக்கிட்டேன்" என்றது ஏவல்.

திருமாறன் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தான். "சரிப்பா. அங்கேயே இருங்க. ஆனா குளியலறையில கைப்பிடி போடணும்."

"கைப்பிடியா? எதுக்குப்பா எனக்கு அதெல்லாம், வேணாம்."

"நாளைக்கே போட்டுடறேன்" என்றது ஏவல்.

வந்தவர்களை மாமா வெறுங்கையோடு அனுப்பவில்லை. செல்லத்துரை மூன்று தடவை மறுத்துவிட்டு இட்லிப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டார். நான் மாமியின் படத்தைத் திரும்ப மாட்டினேன். பிறகு வாசலுக்கு வந்து, அறையை ரத்து செய்ய கோயமுத்தூர் குடியிருப்பைக் கூப்பிட்டேன். எடுத்த பெண் மிகவும் வருத்தப்பட்டாள்.

"உங்க சட்டம் கொஞ்சம் கடுமைங்க" என்றேன் நான், சும்மா இருக்க முடியாமல். "வீட்டு ஏவலைக் கொண்டு வரக் கூடாதுன்னா எப்படி?"

"யாருங்க அப்படிச் சொன்னது? இங்க எல்லாருமே அவங்கவங்க ஏவலோடதான் இருக்காங்க. நாங்களே மாட்டியும் குடுப்போமுங்க."

உள்ளே வந்தேன். மாமா கொல்லைப்புறத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். திரைக்குப் பக்கத்தில் போய்த் தணிந்த குரலில் கேட்டேன்.

"பொய் சொன்னியா?"

"ஆமா."

அந்த வீட்டில் உண்டு, இல்லை என்று எனக்குக் கிடைத்த முதல் பதில் அது.

"ஏன்?"

"நான் தப்பா ஒப்புதல் குடுத்துட்டேன்னு நீங்க கேட்டப்பத்தான் தெரிஞ்சுது. சரி பண்ண மாமா வாயால சொல்லணும். தனக்குன்னா அவர் சொல்லவே மாட்டாரு. அடுத்தவங்களுக்குன்னா சொல்லுவாரு. மாமி அப்படித்தானே பண்ணுவாங்க? அவங்க பொய்யை யாரும் தப்புன்னு சொல்லலை."

"மாமி மனுஷி. நீ பொய் சொல்லக் கூடாதுன்னு சட்டம் இருக்கு. இதை நான் கம்பெனில சொன்னா உன்னை நிஜமாவே அழிச்சிருவாங்க."

"சொல்லணும்னா சொல்லுங்க வேனில். எனக்காக யோசிக்க வேணாம்."

இது எத்தனையாவது வேண்டாம், நிஜமா, சும்மாவா என்று எனக்குப் பிடிபடவில்லை. ஒரு துளி எடுத்துப் பரிசோதித்துப் பார்க்கவும் வழியில்லை. பயமாகத்தான் இருந்தது. இன்றைக்கு நல்லதுக்குப் பொய் சொன்னது நாளைக்கு எதற்குச் சொல்லும்? போனைக் கையில் எடுத்துக்கொண்டு ஃபைசலின் எண்ணைப் பார்த்தபடி நின்றேன். அதற்குள் மாமா ஈரக் கையோடு ஒரு டம்ளர் காபியைக் கொண்டுவந்து திரைக்கு முன்னால் ஸ்டூலில் வைத்தார். "இன்னிக்காவது குடி தம்பி" என்றார்.

"வேணாம் மாமா, எதுக்கு சிரமம்" என்றது ஏவல். "சரி, வெச்சிட்டுப் போங்க. அப்புறமா குடிக்கறேன்."

மாமாவின் முகத்தைப் பார்த்தேன். போனைப் பைக்குள் போட்டேன்.

அதிலிருந்து ஏவலுக்கு மாதம் ஒரு தடவையாவது ஏதாவது கோளாறு வந்துவிடுகிறது. முதல் தடவை, "எனக்குக் காது சரியாக் கேக்கலை, ஞாயித்துக்கிழமை வந்து பாக்க முடியுமா?" என்று கூப்பிட்டது. பதறிப்போய் ஓடினேன். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. மாமா இரண்டு இலை போட்டு, எண்ணெய்க் கத்தரிக்காய்க் குழம்பு வைத்திருந்தார். "நீ எதுக்கும்மா அலையறே, வேணாம்னுதான் இவன்கிட்ட சொன்னேன்" என்று சொல்லிக்கொண்டே எனக்குப் பரிமாறினார். சாயங்காலம் வரைக்கும் பேசிக்கொண்டிருந்தோம். ஏவல் வாயே திறக்கவில்லை.

நேற்று மறுபடியும் கூப்பிட்டது. இந்தத் தடவை கண் மங்கலாகத் தெரிகிறதாம். ஞாயிற்றுக்கிழமை போகிறேன். வழியில் மணப்பாறையில் ரயில் நிற்கும்போது மறக்காமல் முறுக்கு வாங்கி வரச் சொன்னது. அதற்கு முறுக்கு என்றால் உயிராம்.